கேட்டு விடை எழுதுக

துங்குவான்
14 நவம்பர் 1999

அன்புத் தங்கை மின்ஃபாங்குக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். லோயாங்கில் குளிர் தொடங்கியிருக்கும். போன வருஷம் மாதிரி விரல் வெடித்து ரத்தம் வரும்வரை சும்மா இருக்காதே. இரவலாவது ஒரு கையுறை வாங்கி மாட்டிக்கொள்.

செப்டம்பரில் உன் கல்லூரிக்கு நான் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில் "இந்தப் பெயரில் மாணவி இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கெங் மின்ஃபாங், ஆங்கிலப் பிரிவு, முதலாண்டு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். அதனால் இதைச் சித்தப்பா வேலை செய்யும் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். உன் அப்பா சேர்த்துவிடுவார்.

என் வேலை மாறியிருக்கிறது. எங்கள் ஆலையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு பொத்தானை அமுக்கினால் கடைசியாகக் கேட்ட வாக்கியத்தையே மறுபடி மறுபடி சொல்லுமே, ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் டேப் பெட்டி, அதுதான். என்னை இப்போது சோதனை வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கேசட்டைப் போட்டு, காதில் மாட்டிக் கேட்டு, சரியாக இருந்தால் பச்சை ஒட்டு, இல்லையென்றால் சிவப்பு. கேசட்டில் மூன்றே வாக்கியம். இன்று வானிலை நன்றாக இருக்கிறது. என் அப்பா ஒரு மருத்துவர். நான் நூலகத்துக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அப்பா மருத்துவர் ஆகிறார். பக்கத்து இருக்கை ஷுஃபென், சிச்சுவான்காரி, "உங்கப்பாகிட்ட சொல்லி என் இருமலுக்கு ஒரு மருந்து வாங்கித் தாடி" என்கிறாள்.

ஜூலையில் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். போன தடவை எனக்குக் கிடைக்கவில்லை என்று சித்தப்பா வந்து சொன்ன அன்று இனி புத்தகத்தைத் தொடக் கூடாது என்று நினைத்தேன். மூன்று மாசம்தான் தாங்கியது. நீ படிக்கிற ஆங்கிலப் பிரிவே எனக்கும் வேண்டும். வாசித்து விடை எழுதும் பகுதிகளும், கேட்டு விடை எழுதும் கேசட் ஒன்றும் கிடைத்தால் அனுப்பு. கல்லூரி எப்படி இருக்கிறது என்று நிறைய எழுது. நான் பார்க்காததை நீ பார்க்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ருய்லியன்


லோயாங்
5 டிசம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். விரல் இன்னும் வெடிக்கவில்லை.

கடிதம் திரும்பி வந்ததற்கு வருத்தப்படாதே. இங்கே தபால் அறையில் இருப்பவர் கண்ணாடி இல்லாமல் உறையைப் படிப்பவர். இனிமேல் கல்லூரிக்கு எழுதாதே. வாசலுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது, நடத்துகிறவர் பெய் அத்தை. அந்த முகவரிக்கு எழுது, அவர் எனக்காக எடுத்து வைப்பார். கல்லூரி முகவரிக்கு மட்டும் வேண்டாம் அக்கா.

இருபது பத்திகள் படியெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கேசட் பிறகு பார்க்கலாம்.

கல்லூரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் சாதாரணம்தான். எட்டுப் பேருக்கு ஓர் அறை. பேச்சு வகுப்புக்குக் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை, எங்கள் பெயர்களைக் கல்லை மெல்வது போலச் சொல்கிறார். அவ்வளவுதான்.

ஜூலைத் தேர்வு பற்றி ஒன்று சொல்லட்டுமா? இந்த வருஷம் விட்டுவிடு. பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டுப் படித்தால் உடம்பு என்ன ஆகும்? ஆலையிலேயே உன்னை மேலே ஏற்றுவார்கள். அவசரம் ஒன்றும் இல்லையே.

குளிரில் வெந்நீர் குடி.
மின்ஃபாங்


துங்குவான்
3 ஜனவரி 2000

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாக அமையட்டும். எனக்குச் சளி பிடித்து விட்டது, வேறு குறை இல்லை.

இருபது பத்திகளும் முடித்துவிட்டேன். விடைகளை வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு. வாசிப்பது சுலபம், கேட்பதுதான் கஷ்டம். எழுத்தில் இருக்கும் கடைசிச் சத்தத்தை ஆங்கிலம் பேசுகிறவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். நேற்று நடந்ததா நாளை நடக்குமா என்பது அந்த விழுங்கிய சத்தத்தில்தான் இருக்கிறது. உனக்கு இன்னும் ஹீ, ஷீ குழப்பம் இருக்கிறதா? நம் பேச்சில் அவனும் அவளும் ஒரே சத்தம், அதனால்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பள்ளியில் நீ அரசியை 'ஹீ' என்று வாசித்து, ஃபூ வாத்தியார் "மீசை வெச்ச ராணியாம்மா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

கேட்கும் தேர்வில் ஒரு கேள்வி எப்போதும் வருமாமே, பேசும் இருவருக்கும் என்ன உறவு என்று. ஷுஃபென்னிடம் சொன்னேன்.

"பேசுறதைக் கேட்டா உறவு தெரிஞ்சிடுமா?" என்றாள்.

"தெரியும். கூப்பிடுற விதத்துலயே தெரியும்."

"எங்கப்பாவும் அம்மாவும் பேசுறதைக் கேளு. போலீஸ்காரனும் திருடனும்னுதான் எழுதுவே."

வசந்த விழாவுக்கு நான் ஊருக்கு வரவில்லை. வரிசை ஓடுகிறது, விடுப்பு இல்லை. நீ போவாய் அல்லவா? ஓர் உதவி. தேர்வுக்குப் பதிய, நான் நம் ஊர்க் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறேன் என்று போலீஸ் நிலையத்தில் ஒரு சான்றிதழ் தர வேண்டுமாம். சித்தப்பாவிடம் சொல்லி வாங்கி அனுப்பு. என் அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். அவர் ஏனோ எனக்கு எழுதுவதே இல்லை.

ருய்லியன்


லோயாங்
20 பிப்ரவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? ஊரிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். எல்லோரும் நலம்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. விழா நாட்களில் நிலையம் மூடியிருந்தது. அப்பா பிறகு பார்ப்பதாகச் சொன்னார். நீ அதற்காக யாருக்கும் எழுத வேண்டாம், அப்பாவே பார்த்துக்கொள்வார்.

புத்தாண்டுக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நீ சொன்னபடி, நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். கொழுக்கட்டை இரண்டே இரண்டு சாப்பிட்டார். நடுவில் என்னைப் பார்த்து, "கல்லூரியிலே வாத்தியாருங்க உன்னை எப்படிம்மா கூப்பிடுறாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "சாப்பிடுங்கண்ணே, ஆறிடும்" என்றார். பெரியப்பா எழுந்து போய்விட்டார். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நீ கேட்ட கேசட்டை அனுப்புகிறேன். மொழிக் கூடத்தில் பன்னிரண்டு பாடங்கள் பதிந்து வாங்கினேன். புதுக் கேசட் கிடைக்காததால் என்னுடைய பழைய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறது, சத்தம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். உனக்கு நான் செய்ய முடிந்தது இதுதான் அக்கா.

மின்ஃபாங்


லோயாங்
26 மார்ச் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெய் அத்தையிடம் தினமும் கேட்டுக் கேட்டு அவர் என்னைக் கண்டாலே "வரலைம்மா" என்று கையை ஆட்டுகிறார். உடம்பு சரியில்லையா? வேறு ஆலைக்குப் போய்விட்டாயா?

கேசட் வந்ததா? பன்னிரண்டாவது பாடத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, நிறுத்திவிடலாம்.

ஒரு வரியாவது எழுது.
மின்ஃபாங்


துங்குவான்
9 ஏப்ரல் 2000

மின்ஃபாங்குக்கு,

கேசட் பிப்ரவரி கடைசியிலேயே வந்துவிட்டது. பன்னிரண்டு பாடங்களும் நன்றாக இருந்தன. அதன் பிறகு ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். சோதனை வரிசையில் உட்காருகிறவள் கேசட் தானாக நிற்கும்வரை கேட்பாள்.

இரைச்சலுக்குப் பிறகு உங்கள் கனடா ஆசிரியையின் குரல். ஏதோ ஒரு சொல் சொல்லி, அடுத்த பத்தியை வாசி என்கிறார். அந்தச் சொல் மட்டும் பிடிபடவில்லை. பொத்தானை அமுக்கி அமுக்கிக் கேட்டேன். 'ரூலியென்கெங்' மாதிரி இருந்தது. அகராதியில் தேடினேன். இல்லை. நம் காதுக்கு ஆர், எல் இரண்டும் குழம்புமே என்று எல் எழுத்திலும் தேடினேன். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், புதிதாக வந்த கண்காணிப்பாளர் என் மார்பு அட்டையைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். தெற்கத்திக்காரர், அவரும் கொஞ்சம் கொச்சையாகத்தான் சொன்னார். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நாம் முதலில் சொல்லும் குடும்பப் பெயரை வெள்ளைக்காரர்கள் கடைசியில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்தானே.

கேசட்டில் ஒரு பெண் 'யெஸ்' என்று சொல்லி வாசிக்கிறாள். வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு கிழவியைப் பற்றிய பத்தி. அந்தக் கிழவியை ஏழு தடவை 'ஹீ' என்கிறாள்.

அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்ப் போலீஸ் நிலையத்துக்கு நானே எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. கெங் ருய்லியன், பெண், 1981 ஆகஸ்டில் பிறந்தவர், கல்லூரியில் சேர்ந்ததால் 1999 செப்டம்பரில் பதிவு லோயாங்குக்கு மாற்றப்பட்டது. நான் எங்கே குடியிருக்கிறேன் என்று ஒருவழியாக எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று கேள்விகள். கூப்பிட்டது யாரை? எழுந்தது யார்? இருவருக்கும் என்ன உறவு? விடையைப் பெய் அத்தையின் கடையிலிருந்தே அனுப்பலாம்.

ருய்லியன்


லோயாங்
16 ஏப்ரல் 2000

அக்கா,

இந்தச் சொல்லை எழுதக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் வேறு எப்படி எழுதுவது?

சேர்க்கைக் கடிதம் பள்ளி அலுவலகத்துக்குத்தான் வந்தது. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ருய்லியனுக்கு வந்திருக்கு. உனக்கு வரலை" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அப்பா ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே ஜாடை. குடும்பப் பேரும் ஒண்ணு. எவன் கண்டுபிடிக்கப் போறான்" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது.

ஒவ்வொரு வகுப்பிலும் உன் பெயரைக் கூப்பிடும்போது கதவைப் பார்க்கிறேன், நீ வந்து நிற்கிறாயோ என்று. அறையில் இருப்பவர்கள் அன்பாக லியன்லியன் என்று கூப்பிடுகிறார்கள். உன் அம்மா உன்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்பது நினைவுக்கு வரும். அவர் இல்லாமல் போனதே நல்லது என்று நினைத்த நாளும் உண்டு.

புகார் கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறது. கொடுத்தால் என்னை வெளியே அனுப்புவார்கள், அப்பாவின் வேலை போகும். ஆனால் பதிவு மாற்றும் படிவத்தில் குடும்பத் தலைவரின் கைரேகை வேண்டும் அக்கா. உன் குடும்பத் தலைவர் யார் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அப்பா ஒரு வழி சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மின்ஃபாங் பேரு ஊர்ப் பதிவுல சும்மாத்தானே கிடக்கு. அதுல எழுதச் சொல்லு. மாசக் கடைசி வரைக்கும் பதியலாம், போட்டோ மட்டும் அனுப்பட்டும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மின்ஃபாங்


துங்குவான்
23 ஏப்ரல் 2000

அப்பாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி. போன ஆகஸ்டில் சித்தப்பா கொண்டுவந்த படிவத்தில் இருப்பது உங்கள் விரலா?

ருய்லியன்


நம்ம ஊரு
6 மே 2000

மகள் ருய்லியனுக்கு அப்பா எழுதறது,

என் விரல்தான்.

உன் சித்தப்பன் படிவத்தோட வந்தான். நான் வெங்காயத் தாள் நட்டுக்கிட்டு இருந்தேன். கையைக் கழுவிட்டு வரச் சொன்னான். "அண்ணே, ருய்லியன் எப்ப எழுதினாலும் பாஸாயிடுவா. என் பொண்ணு பத்துத் தடவை எழுதினாலும் ஆவாது. உங்களுக்கே தெரியும். இந்த வருஷத்தை இவளுக்குக் குடுங்க, அடுத்த வருஷம் அவளுக்குத் தானா வந்துடும்"னான்.

யோசிச்சுப் பார்த்தேன். அவன் சொன்னதுல பொய் இல்லையே. நீ ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து முதல்தான். உன்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சு. ஒரு வருஷம்தானே போகுதுன்னு நினைச்சேன். பேரைக் குடுத்தா அதோட ஆளும் பதிவுல இருந்து போயிடும், மறுபடி எழுதவே முடியாதுன்னு எனக்கு யாரும் சொல்லலை. போன மாசம் போலீஸ்காரர் உன் கடுதாசியை எடுத்துக்கிட்டு வந்து கேட்டப்பதான் தெரிஞ்சது. அன்னைக்கே உன் சித்தப்பன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். "இப்ப என்னண்ணே பண்றது, நீங்களும்தான் விரலை வெச்சிருக்கீங்க"ன்னான். திரும்பி வந்துட்டேன்.

உனக்கு எழுதாம இருந்ததுக்குக் காரணம் இதுதான். என்னன்னு எழுதறது.

நீ என் உடம்பைப் பத்திக் கேக்கலை. உடம்பு நல்லாத்தான் இருக்கு.

அப்பா


லோயாங்
3 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை, இங்கேயே இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா எழுதித்தான் எல்லாம் தெரிந்தது. நீ போட்டோ அனுப்பினாய், ஜூலையில் வந்து எழுதினாய், நம் மாவட்டத்திலேயே மூன்றாவதாக வந்தாய். படித்தபோது அழுதேன். சந்தோஷத்தில்தான், நீ நம்பாவிட்டாலும்.

ஆனால் கடைசி வரியில் அப்பா எழுதியிருக்கிறார், விருப்பக் கல்லூரிகள் எழுதும் படிவத்தில் நீ ஒரே ஒரு கல்லூரியைத்தான் எழுதினாயாம். அது இந்தக் கல்லூரியாம். இதே பிரிவாம்.

அக்கா, உன் மதிப்பெண்ணுக்குப் பெய்ஜிங் கிடைக்கும். ஷாங்ஹாய் கிடைக்கும். அப்பா அலுவலகத்தில் இருப்பவரிடம் பேசி, படிவத்தை மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று சொல்கிறார். எங்கே வேண்டுமானாலும் போ, இங்கே மட்டும் வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை. உனக்கு இங்கே என்ன இருக்கிறது?

உடனே பதில் எழுது.
மின்ஃபாங்


மாவட்டத் தலைநகர்
19 ஆகஸ்ட் 2000

கெங் ருய்லியனுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெய் அத்தைக்கு அனுப்பவில்லை. கல்லூரிக்கே அனுப்பியிருக்கிறேன், ஆங்கிலப் பிரிவு, இரண்டாம் ஆண்டு என்று போட்டு. இந்தப் பெயரில் அங்கே மாணவி இருக்கிறாள், ஆகவே திரும்பி வராது.

பரீட்சையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூடத்தில் காவலுக்கு வந்தவர் ஃபூ வாத்தியார். வரிசையாக நுழைவுச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் சீட்டை எடுத்தார். பெயரைப் படித்தார், போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று வருஷம் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். சீட்டை மேசையில் நேராக வைத்துவிட்டு, "எழுதும்மா, மின்ஃபாங்" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்தபோது வாசலில் அப்பா நின்றிருந்தார், துணியில் சுற்றிய வேகவைத்த முட்டைகளோடு. வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "இந்தாம்மா" என்று மட்டும் சொன்னார்.

விருப்பப் படிவத்தைச் சித்தப்பாவின் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். அவரே பேனா மூடியைத் திறந்து கொடுத்தார். "பெய்ஜிங்னு போடும்மா, தாராளமா கிடைக்கும்" என்றார். நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஏம்மா இப்படி?" என்றார். "எனக்கு வந்த கல்லூரி இதுதானே சித்தப்பா" என்றேன். நீ எழுதிய ஒரு வாரம் முடிந்துவிட்டது. படிவம் மாறவில்லை. சேர்க்கைக் கடிதம் முந்தாநாள் வந்தது. இந்தத் தடவை தபால்காரரை நானே சாலையில் நின்று பிடித்து வாங்கினேன்.

புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அப்பாவின் விரலையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நானும் இப்போது உன் பெயரில் எழுதிவிட்டேன். உன்னைக் காட்டிக் கொடுக்கும் வாயை நானே அடைத்துக்கொண்டாயிற்று. அதைச் சித்தப்பா முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் வழி சொன்னார் என்று நினைக்கிறேன். உனக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாய். மொழிக் கூடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். அந்த ஆசிரியை கல்லை மெல்வதை நேரில் கேட்க வேண்டும். நான்கு வருஷம், ஒரே கட்டடத்தில், அந்தப் பெயரை யாராவது கூப்பிடும்போது வாயைத் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். நீ கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று எழுதினாய். இனி பார்க்க வேண்டியதில்லை.

செப்டம்பர் நான்காம் தேதி வண்டி வரும். நிலையத்துக்கு வந்து நில், பெட்டி கனம். அறையில் இருப்பவர்கள் நாம் யார் என்று கேட்பார்கள். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று சொல்லலாம், அது பொய் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பதிவேட்டின்படி ருய்லியன் ஆகஸ்டில் பிறந்தவள், மின்ஃபாங் டிசம்பரில். நான்கு மாசம் மூத்தவள் இப்போது நீதான். அந்த ஒரு சொல் எல்லோர் முன்னாலும் என் வாயில் தடுமாறாமல் வர வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா.

கெங் மின்ஃபாங்